சேம்பரில் உட்காராத தோட்டா

ஏற்காடு

அன்புள்ள குமரவேலுக்கு,

உன் கடிதமும் படங்களும் வந்து சேர்ந்தன. இங்கே பூமழை நேரத்துக்கு இறங்கிவிட்டதால் காப்பித் தோட்டமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. சில்வர் ஓக்கில் ஏற்றிவிட்ட மிளகுக்கொடியும் தேறிவிட்டது. சேலத்தில் உன் அண்ணன் வீட்டில் எல்லோரும் சௌக்கியம். அவர் பையன் துப்பாக்கி சுடும் பயிற்சிக்குப் போய் வருகிறான். சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூடுகளை, அதாவது காலி கேஸ்களை, சேர்த்து வைத்து, உன்னைப் போல மருந்தும் ஈயக் குண்டும் (புல்லட்) திரும்ப நிரப்பி ரீலோடு செய்யலாமா என்று கேட்டான். கூடவே கூடாது என்று சொல்லிவிட்டேன். நீ இருக்கும் அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு ரீலோடு செய்யத் தனி உரிமம் வேண்டியதில்லை. இங்கே 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி, உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். நீயும் போனில் அவனிடம் இதை ஒரு தரம் அழுத்திச் சொல்.

இனி உன் விஷயம். உன் .357 மேக்னம் ரிவால்வரின் சேம்பரில் (சிலிண்டரில் தோட்டா உட்காரும் துளையில்) குட்டையான .38 ஸ்பெஷல் தோட்டாவும் சிக்குகிறது, .357 தோட்டாவும் சிக்குகிறது என்று எழுதியிருக்கிறாய். இரண்டுக்கும் ஒரே காரணம் என்று நினைத்து பிரஸ்ஸில் மாட்டிய டையை, அதாவது கேஸை அழுத்தி வடிவாக்கும் அச்சை, திருப்பிக்கொண்டே இருக்கிறாய். எனக்கென்னவோ இவை இரண்டு வேறு வேறு கோளாறுகள் என்று படுகிறது. முதலில் பிரஸ்ஸை விட்டுக் கையை எடு.

.357-ஐ முதலில் முடித்துவிடலாம், அது சுலபம். உன் தோட்டா ஏறக்குறைய 3 மி.மீ. வெளியே நிற்கிறது என்கிறாய். .38 கேஸின் நீளம் 29.34 மி.மீ., .357 கேஸின் நீளம் 32.77 மி.மீ. வித்தியாசம் 3.4 மி.மீ. நீ அந்தச் சேம்பரில் வருஷக்கணக்காக .38 சுட்டிருக்கிறாய். ஒவ்வொரு முறையும் கேஸின் வாய் முடியும் இடத்தில் கரியும் ஈயமும் வளையமாகப் படிந்திருக்கும். நீளமான .357 கேஸ் அந்த வளையத்தில்தான் போய் முட்டுகிறது. சந்தேகம் தீர வேண்டுமானால் கடையில் வாங்கிய புதுத் தோட்டா ஒன்றைப் போட்டுப் பார். அதுவும் அதே இடத்தில் நின்றால் உன் ரீலோடில் குற்றமில்லை. சால்வென்ட் ஊற்றி ஊறவிட்டு வெண்கலப் பிரஷ்ஷால் தேய். பிடிவாதமாக ஒட்டியிருந்தால், பிரைமரும் (அடியில் பொறி கிளப்பும் குமிழ்) பவுடரும் (வெடிமருந்து) இல்லாத காலி .357 கேஸ் ஒன்றின் வாயை எக்ஸ்பாண்டர் டையில் லேசாக விரித்து, சேம்பருக்குள் விட்டுக் கையால் திருகு. பித்தளை என்பதால் எஃகைக் கீறாமல் கரியை மட்டும் சுரண்டி எடுக்கும். எமரி பேப்பர் வேண்டவே வேண்டாம். சேம்பர் அகன்றால் திரும்பச் சரிசெய்ய வழியில்லை.

.38-தான் உண்மையான வேலை. சில தோட்டா கேஸின் வாய் நுழைந்த உடனே நின்றுவிடுகிறது, சில தோட்டா கட்டைவிரலால் அழுத்தினால் போகிறது என்கிறாய். புல்லட் நீளமாக உட்கார்ந்ததால் முன்னால் இடிக்கிறதோ என்ற உன் சந்தேகத்தை விட்டுவிடு. .357 சேம்பரில் .38-க்கு முன்னால் 3 மி.மீ.-க்கு மேல் இடம் சும்மா கிடக்கிறது. அதனால், இறங்க வேண்டும் என்பதற்காகப் புல்லட்டை இன்னும் ஆழமாக அழுத்தாதே. கேஸுக்குள் இடம் குறைந்தால் அழுத்தம் ஏறும், அது ஆபத்து.

சிலிண்டரைக் கழற்றத் தெரியுமல்லவா? கழற்றி மேஜைமேல் நிறுத்திக்கொள். உனக்கு அதைவிட நல்ல கேஜ் கிடையாது. சிக்கிய தோட்டாவின்மேல் கறுப்பு மார்க்கரைப் பூசி, காய்ந்ததும் சேம்பரில் விட்டு, அழுத்தாமல் ஒரு சுற்றுச் சுற்றி எடு. மை எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார். வாய்க்குச் சற்றுக் கீழே மெல்லிய பட்டையாகத் தேய்ந்திருந்தால் கிரிம்ப் போடும்போது, அதாவது புல்லட் நகராதபடி வாயை உள்ளே மடிக்கும்போது, கேஸ் புடைத்திருக்கிறது. புல்லட் உட்கார்ந்திருக்கும் நீளம் முழுக்கத் தேய்ந்திருந்தால் புல்லட் பருமன், அல்லது கேஸ் தடிமன். ரிம்முக்கு (கேஸின் அடி விளிம்புக்கு) மேலே கடைசி சில மி.மீ. மட்டும் தேய்ந்திருந்தால், சுட்ட கேஸைத் திரும்ப அளவுக்கு ஒடுக்கும் சைஸிங் டை கீழ்வரை இறங்கவில்லை. கேஸின் அடியைப் பிடித்திருக்கும் ஷெல் ஹோல்டர் டையைத் தொடுகிறதா என்று பார். ஆறு சேம்பரில் ஒன்றில் மட்டும் சிக்கினால் தோட்டாவை விட்டுவிட்டு அந்தச் சேம்பரைச் சுத்தம் செய்.

நீ அனுப்பிய படத்தில் வாய்க்குக் கீழே ஒரு மினுமினுப்பு தெரிகிறது. அதனால் கிரிம்ப்மேல்தான் எனக்குச் சந்தேகம். நீ புல்லட்டை உட்கார வைப்பதையும் கிரிம்ப் போடுவதையும் ஒரே இழுப்பில் செய்கிறாய். கேஸ்களோ பல கம்பெனிகளுடையவை, நீளமும் பலவிதம். டையை ஒரு கேஸுக்கு அளந்து பூட்டியிருக்கிறாய். அதைவிட 0.2 மி.மீ. நீளமான கேஸ் வந்தால் கிரிம்ப் முன்கூட்டியே தொடங்கிவிடும். வாய் மடிந்து ஈயத்தைக் கவ்விக்கொண்டிருக்க, புல்லட் இன்னும் கீழே போய்க்கொண்டிருக்கும். பித்தளைக்குப் போக வேறு இடமில்லை, வெளியே புடைக்கும். குட்டையான கேஸில் இது நடக்காது. பெட்டிக்குப் பெட்டி சில மட்டும் சிக்குவதன் ரகசியம் இதுதான்.

ஆகவே 50 கேஸை வெர்னியரில் அளந்து, 0.1 மி.மீ.-க்குள் இருப்பவற்றைத் தனியாக வை. மிச்சத்தை டிரிம் செய், அல்லது வேறு பெட்டியில் ஒதுக்கு. பிறகு இரண்டையும் தனித்தனி வேலையாக்கு. பவுடரோ பிரைமரோ இல்லாத, சைஸ் செய்த கேஸை ஷெல் ஹோல்டரில் வைத்து, அதைத் தூக்கும் தண்டான ராமை மேலே ஏற்று. டையைத் திருகிக்கொண்டு வந்து, கிரிம்ப் விளிம்பு கேஸின் வாயைத் தொட்டதும் ஒரு முழுச் சுற்றுப் பின்வாங்கிப் பூட்டு. டையின் மரை அங்குலத்துக்கு 14 இழை என்பதால் ஒரு சுற்றுக்கு 1.8 மி.மீ. நகரும். இந்த நிலையில் ஸ்டெம்மை (டைக்குள் புல்லட்டை அழுத்தும் தண்டை) மட்டும் இறக்கி, கேஸின் வாய் புல்லட்டின் கிரிம்ப் பள்ளத்தின் நடுவில் நிற்கும்படி எல்லாப் புல்லட்டையும் உட்கார வை. மொத்த நீளம் 39.37 மி.மீ.-ஐத் தாண்டக் கூடாது. எல்லாம் முடிந்த பிறகு ஸ்டெம்மை நன்றாக மேலே ஏற்றிவிட்டு, டையை எட்டில் ஒரு சுற்றாக, அதாவது 0.2 மி.மீ. சுமாராக, இறக்கி இறக்கிக் கிரிம்ப் போட்டுப் பார். வாயின் ஓரம் பள்ளத்துக்குள் மடிந்தால் போதும், அதற்கு மேல் கால் சுற்றுகூட வேண்டாம்.

ஒவ்வொரு கட்டத்திலும் கேஸைச் சிலிண்டரில் போட்டுப் பார்ப்பதுதான் முக்கியம். சைஸ் செய்த காலி கேஸ் தானாக விழ வேண்டும். புல்லட் உட்கார்ந்த பிறகும் விழ வேண்டும். கிரிம்ப் போட்ட பிறகும் விழ வேண்டும். எந்தக் கட்டத்தில் நிற்கிறதோ கோளாறு அந்தக் கட்டத்தில்தான். கிரிம்ப்புக்கு முன்பே நின்றால் கணக்குப் போட்டுப் பார். தோட்டாவின் பருமன் 9.63 மி.மீ.-ஐத் தாண்டக் கூடாது. ஈயப் புல்லட் 9.09, கேஸின் சுவர் பக்கத்துக்கு 0.27 என்றால் கூட்டி 9.63, சரியாக எல்லையில் நிற்கிறது. சுவர் 0.30 இருந்தால் 9.69. அல்லது வார்ப்புப் புல்லட் 9.14 ஆகப் பருத்திருந்தால் 9.68. டையை எவ்வளவு திருகினாலும் இது சரியாகாது. புல்லட்டை மைக்ரோமீட்டரில் அளந்து சைஸ் செய், அல்லது தடிமனான அந்தக் கேஸ்களை ஒதுக்கு. வாயை விரிப்பதும் போதாமல் இருக்கலாம். புல்லட்டின் அடி 1 மி.மீ. அளவுக்குத் தானாக உட்கார வேண்டும், இல்லாவிட்டால் ஈயம் சீவப்பட்டு வாயோரம் வளையமாக ஒட்டிக்கொள்ளும்.

எல்லாம் முடிந்த தோட்டாவை வெளியிலிருந்து பிழிந்து அளவுக்குக் கொண்டுவரும் கார்பைடு கிரிம்ப் டை ஒன்று வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். ஈயப் புல்லட்டுக்கு நான் அதை விரும்ப மாட்டேன். பிழியும்போது ஈயமும் சேர்ந்து சுருங்குகிறது. பித்தளை கொஞ்சம் திரும்பி விரியும், ஈயம் விரியாது. பிடிமானம் போய்விடும். பிடிமானம் போனால் உதைப்பில் புல்லட் முன்னால் நகர்ந்து, சிலிண்டரின் முகத்துக்கு வெளியே மூக்கை நீட்டி, சிலிண்டரைச் சுற்றவிடாமல் பூட்டிவிடும். உன் கிரிம்ப் போதுமா என்று தெரிய, ஆறு போட்டு ஐந்தைச் சுட்டுவிட்டு ஆறாவதை அளந்து பார். நீளம் கூடியிருந்தால் கிரிம்ப் போதவில்லை.

தோட்டா முழுசாக இறங்கியும் சிலிண்டர் இறுகிச் சுற்றினால் அது வேறு. பிரைமர் கேஸின் அடியோடு சமமாக, அல்லது 0.1 மி.மீ. உள்ளே இருக்க வேண்டும். விரல் நுனியால் தடவினாலே மேடு தெரியும். காலி கேஸ்களை வெளியே தள்ளும் எக்ஸ்ட்ராக்டர் நட்சத்திரத்தின் அடியில் எரியாத பவுடர் துணுக்கு ஒன்றிரண்டு மாட்டியிருந்தாலும் இதே தொல்லை வரும். பழைய பல் பிரஷ் போதும். கலவைக் கேஸ்களில் .38 எஸ் அண்டு டபிள்யூ (ஸ்மித் அண்டு வெஸன்) என்ற வேறு ரகக் கேஸ் புகுந்திருக்கிறதா என்றும் பார். இங்கே போலீஸ் வைத்திருந்த .380 வெப்லி ரக ரிவால்வர்களின் கேஸ் அந்தக் குடும்பம்தான். குட்டையாக, 9.8 மி.மீ. பருமனாக இருக்கும். அது உன் சேம்பரில் நுழையாது, நுழைக்கவும் கூடாது.

சிக்கிய தோட்டாக்களைத் தட்டி இறக்காதே. பவுடரும் பிரைமரும் உள்ள தோட்டாவைச் சைஸிங் டைக்குள் விடவே விடாதே, பழைய பிரைமரைத் தள்ளும் டீகேப்பிங் ஊசி நேராகப் பிரைமரில் போய்க் குத்தும். கண்ணாடி போட்டுக்கொண்டு புல்லட்டைப் பிடுங்கும் கருவியான புல்லட் புல்லரால் பிரித்துவிடு. கொட்டும் பவுடர் எந்த டப்பாவுடையது என்று நிச்சயமில்லாவிட்டால் திரும்பச் சேர்க்காதே.

சிக்குகிற தோட்டாவில் ஐந்தை எடுத்து, வாய்க்குக் கீழே, நடுவில், ரிம்முக்கு மேலே என்று மூன்று இடத்தில் பருமனை அளந்து, ஒவ்வொன்றின் கேஸ் அடியில் உள்ள கம்பெனி மார்க்கோடு எழுதி அனுப்பு. சுலபமாக இறங்குகிற ஐந்தின் அளவும் பக்கத்திலேயே வேண்டும். புல்லட் சைஸும் எழுது. கார்பைடு டை வாங்குவதை அதுவரை நிறுத்தி வை.

அன்புடன்,
பழனிவேல்