மட்டக்களப்பு, அம்பாறை வணிகப்பாட ஆசிரியர்களுக்கு: பாடத்தை ஒரு கடைக் கொப்பியிலிருந்து தொடங்குங்கள்

கிழக்குப் பல்கலைக்கழகம், தென்கிழக்குப் பல்கலைக்கழகம், உயர் தொழில்நுட்ப நிறுவகங்கள், தொழிற்பயிற்சி நிலையங்கள், உயர்தர வகுப்புகள் என்று இரு மாவட்டங்களிலும் வணிகத் தகவல் முறைமையும் மின்வணிகமும் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

மருதமுனையில் கைத்தறிச் சேலையும் சாரமும் விற்கிறேன். தறிக்காரர்களிடம் வாங்கி, கடையிலும் வட்ஸ்அப்பிலும் பேஸ்புக்கிலும் விற்கிறோம். உங்களிடம் படிக்கும் பிள்ளைகள் பயிலுனர்களாக எங்களிடம் வருகிறார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள். கொடுக்கல் வாங்கல் முறைமை, முகாமைத்துவத் தகவல் முறைமை, தீர்மான ஆதரவு முறைமை என்று கேட்டால் நிற்காமல் சொல்வார்கள். ஒரு வியாபாரம் இன்னொரு வியாபாரத்துக்கு விற்கும் பி2பிக்கும், நேரே வாடிக்கையாளருக்கு விற்கும் பி2சிக்கும் உள்ள வித்தியாசமும் தெரியும். ஆனால், "நீலக்கரைச் சேலை இன்னும் எத்தனை இருக்கு?" என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டால், அந்த விடை எந்தப் பதிவிலிருந்து வர வேண்டும் என்பது அவர்களுக்குப் பிடிபடுவதில்லை. இது பிள்ளைகளின் குறை அல்ல. பாடம் தொடங்கும் இடம்தான் மாற வேண்டும் என்று நினைக்கிறேன்.

வரைவிலக்கணங்களைப் பிறகு சொல்லிக் கொடுங்கள். முதலில் நம் பகுதிக் கடை ஒன்றின் ஒரே ஒரு விற்பனையை எடுத்து, ஓடர் வந்த நேரம் தொட்டு காசு கைக்கு வரும்வரை பிள்ளைகளைப் பின்தொடர விடுங்கள். அதுவே என் கோரிக்கை.

பதுளையிலிருந்து ஒருவர் சிஓடியில், அதாவது பொருள் கைக்கு வந்த பிறகு காசு கொடுக்கும் முறையில், ஒரு சேலை கேட்கிறார் என்று வையுங்கள். சேலையை எடுத்து ஒதுக்கி வைக்கிறோம். அது இராக்கையில்தான் இருக்கிறது, ஆனால் இன்னொருவருக்கு விற்க முடியாது. மறுநாள் கூரியர்காரரிடம் போகிறது. இப்போது கடையில் சேலையும் இல்லை, காசும் இல்லை. அவர் பதுளையில் கொண்டுபோய்க் கொடுத்துக் காசு வாங்கிவிட்டாலும், அந்தக் காசு கூரியர் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. சில நாள் கழித்து, வேறு பல பொதிகளின் காசோடு சேர்த்து, கட்டணம் கழித்து, ஒரே தொகையாக வங்கிக்கு வருகிறது. அந்தத் தொகைக்குள் எந்தெந்தச் சேலை அடங்கும் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர் எத்தனை பேர்? அப்புறம், வாடிக்கையாளர் போனை எடுக்கவில்லை என்றால் பொதி திரும்பி வரும். அனுப்பிய செலவு நம் தலையில். திரும்பி வந்ததைக் கையிருப்பில் மறுபடி சேர்க்க மறந்தால், இராக்கையில் இருக்கும் சேலையையே "முடிந்துவிட்டது" என்று சொல்லி அடுத்தவரைத் திருப்பி அனுப்பிவிடுவோம்.

ஒதுக்கியது, அனுப்பியது, கொடுத்தது, காசு வந்தது, திரும்பியது. இந்த ஐந்து நிலைகளையும் தேதியோடு எழுதச் சொல்லுங்கள். எழுதி முடிக்கும்போது கொடுக்கல் வாங்கல் முறைமை என்ன என்று பிள்ளைகளுக்குத் தானாகவே விளங்கும். ஒரு மாதப் பதிவைக் கூட்டி எந்த ஊர்ப் பொதிகள் அதிகம் திரும்புகின்றன என்று பார்த்தால், அது முகாமைத்துவத் தகவல். அந்த ஊருக்கு இனி முற்பணம் கேட்பதா என்று யோசித்தால், தீர்மான ஆதரவின் வாசலில் நிற்கிறார்கள். இந்த விற்பனையை எந்தத் தேதியில் வருமானமாக எழுதுவது என்ற கேள்வியும் கூடவே வரும். அந்த இடத்தில் கணக்கீட்டு ஆசிரியரும் கணினி ஆசிரியரும் ஒரே வகுப்பில் நிற்க வேண்டும். இப்போது இரண்டு பாடமும் ஒன்றை ஒன்று பாராமல் போகின்றன.

தரவைப் பற்றியும் சொல்ல வேண்டும். எக்செல்லில் 077 என்று தொடங்கும் இலக்கத்தை அப்படியே தட்டினால் முன்னால் உள்ள பூச்சியம் போய்விடும். அது இலக்கத்தை எண்ணாக எடுத்துக்கொள்கிறது. அந்த நிரலை முதலிலேயே எழுத்து வகைக்கு மாற்ற வேண்டும் என்பது தரவு வகை பற்றிய முழுப் பாடம். ஒரே வாடிக்கையாளரின் பெயர் ஒரு நாள் தமிழில், ஒரு நாள் ஆங்கிலத்தில், இன்னொரு நாள் "அக்கரைப்பற்று டீச்சர்" என்று எழுதப்பட்டிருக்கும். மூன்றும் ஒருவர்தான் என்று கணினிக்குத் தெரியாது. ஒவ்வொருவரையும் தனித்து அடையாளம் காட்டும் இலக்கமான முதன்மைச் சாவி ஏன் வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக எந்த உதாரணமும் சொல்லாது.

பொருளுக்குக் குறியீடு கொடுப்பதும் அப்படித்தான். பயிலுனர்கள் பெரும்பாலும் 001, 002 என்று தொடங்குவார்கள். தறிக்காரரிடம் கேட்டால் வேறு விதமாகச் சொல்வார். தறியில் நீளவாக்கில் கட்டும் நூல்தான் பாவு, ஒரு பாவில் பல சேலை இறங்கும். பாவின் நிறமும் கரையும் ஒன்றாக இருக்கும், குறுக்கே ஓடும் ஊடை நூலை மாற்றினால் உடல் நிறம் மாறும். ஆகவே குறியீட்டில் முதலில் பாவு இலக்கம், பிறகு ஊடை நிறம், பிறகு அந்தப் பாவில் அது எத்தனையாவது சேலை. ஒரு சேலையில் சாயம் போகிறது என்று முறைப்பாடு வந்தால், அதே பாவில் இறங்கிய மற்றச் சேலைகளை உடனே தேடி எடுத்துச் சோதிக்கலாம். இந்த அறிவு தறியடியில் இருக்கிறது. முறைமை வடிவமைப்பவர் முதலில் வேலை செய்கிறவரிடம் போய்க் கேட்க வேண்டும் என்று உங்கள் பாடத்திலும் இருக்கிறது. அந்த வரியை நடைமுறையில் செய்ய விடுங்கள்.

உதாரணங்களையும் கொஞ்சம் மாற்றலாம். 1994 இல் தொடங்கிய அமேசானின் கதை பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கட்டும், நல்லது. ஆனால் அதற்கும் பத்து வருடம் முன்பு, 1984 இல், இங்கிலாந்தின் கேற்ஸ்ஹெட் நகரில் ஜேன் ஸ்னோபோல் என்ற 72 வயது மூதாட்டி தன் வீட்டுத் தொலைக்காட்சியின் ரிமோட்டைக் கொண்டு மாஜரினும் முட்டையும் கோர்ன்ஃபிளேக்ஸும் வரவழைத்தார். தொலைக்காட்சியைத் தொலைபேசி இணைப்போடு பொருத்தும் அந்த ஏற்பாடு மைக்கேல் ஆல்ட்ரிச் 1979 இல் உருவாக்கியது. மூதாட்டி காசு கொடுத்தது பொருள் வீட்டுக்கு வந்த பிறகு. நம் ஊர் சிஓடியை மின்வணிகத்தின் குறைந்த வடிவமாகப் பார்க்கும் பிள்ளைகள் இதை அறிய வேண்டும்.

கொடுப்பனவு பாடத்தில் கடனட்டையும், இணையவழிக் கொடுப்பனவுச் சேவையான பேபாலும் வருகின்றன. இலங்கையிலிருந்து விற்பவர் பேபால் வழியே காசு பெற முடியாமல் எத்தனை ஆண்டு தவித்தார் என்று பாடம் சொல்வதில்லை. நம் கடைகளில் நடப்பது வங்கி மாற்றமும், போனால் குறியீட்டை ஸ்கான் செய்து காசு கொடுக்கும் லங்கா கியூஆரும். வங்கி மாற்றத்தில் ஒரு மோசடி பரவலாக நடக்கிறது. காசு அனுப்பியதாக ஒரு ஸ்கிரீன்ஷொட் வரும், பார்க்க அசல் மாதிரியே இருக்கும், கணக்கில் ஒன்றும் விழுந்திருக்காது. படத்தை நம்பிப் பொதியை அனுப்பாதே, உன் வங்கிக் கணக்கைத் திறந்து பார் என்பது ஒரு கட்டுப்பாட்டு விதி. தகவல் பாதுகாப்பு அதிகாரத்தை அங்கிருந்து தொடங்கினால் ஒரு பிள்ளையும் தூங்காது.

சட்டத்தையும் விட்டுவிடாதீர்கள். 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் இருப்பதால், செய்தி இலத்திரனியல் வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒப்பந்தத்தைச் செல்லாது என்று தள்ள முடியாது. காணி விற்பனை, மரணசாசனம் போன்றவை அதற்குள் வராது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாப்பது பற்றியது. வாடிக்கையாளர்களைக் கேட்காமலே ஒரே வட்ஸ்அப் குழுவில் போட்டு, எல்லாருடைய இலக்கத்தையும் எல்லாருக்கும் காட்டும் வழக்கம் நம் கடைகளில் இருக்கிறது. குறிப்பாகப் பெண்களுக்கு இதனால் வரும் தொல்லை சின்னது இல்லை. வியாபாரம் படிக்கும் பிள்ளை இதை வகுப்பிலேயே கேட்டிருக்க வேண்டும்.

என் கோரிக்கை சேலைக் கடையோடு நின்றுவிடவில்லை. சம்மாந்துறை அரிசி ஆலை, அறுகம்பை விருந்தினர் விடுதி, மட்டக்களப்புத் தயிர்க் கடை, எதுவானாலும் சரி. ஒரு குழுவுக்கு ஒரு தொழில், ஒரு தவணை முழுக்க. பரீட்சையில் ஒரு கேள்வியாவது ஒழுங்கில்லாத இருபது ஓடர் செய்திகளைக் கொடுத்து அட்டவணையாக்கச் சொல்வதாக இருக்கட்டும். முடிவில் பிள்ளைகள் அந்த முதலாளியின் முன்னாலேயே நின்று தாங்கள் கண்டதை விளக்கட்டும். அவர் கேட்கும் கேள்விகளுக்குப் பிள்ளைகள் சொல்லும் விடைக்குப் புள்ளி கொடுங்கள்.

எங்கள் ஓடர் கொப்பிகளையும் கூரியர் பட்டியல்களையும், வாடிக்கையாளர் பெயரும் இலக்கமும் நீக்கி, வகுப்புக்குத் தர நான் தயார். தறிக்காரர்கள் சிலரிடமும் பேசிவிட்டேன், பிள்ளைகள் வந்து பார்ப்பதில் அவர்களுக்குச் சம்மதம். வெள்ளி தவிர எந்த நாளும் வரலாம். பெருநாள் ஓடர்கள் குவியும் வாரங்களில் வந்தால் இன்னும் நல்லது, முறைமை எங்கே திணறுகிறது என்று கண்ணால் பார்க்கலாம்.

இப்படிக்கு,
மருதமுனைக் கைத்தறி வியாபாரி ஒருவர்