ஆவி பிடித்த கோட்

அன்புள்ள தம்பிக்கு,

கிளாஸ்கோவில் குளிர் தொடங்கிவிட்டது என்று நீ போனில் சொன்ன மறுநாளே உனக்கொரு கோட் தேடி, ஹரோவுக்குப் பக்கத்து ஊரான பின்னருக்கு (Pinner) பஸ் ஏறிவிட்டேன். ("பின்னருக்குப் பின்னர் போகலாமே" என்ற பகிடியை அப்பா இன்னும் விடவில்லை.) சனம் தானமாகக் கொடுத்த பழைய உடுப்பை நல்ல காரியத்துக்காக விற்கிற சரிட்டிக் கடை, இங்கே ஹரோவில் இல்லாததா என்று கேட்பாய். ஹரோவில் என்னைப் போலக் கை பழகிய ஆட்கள் அதிகம், நல்லதெல்லாம் காலையிலேயே போய்விடும். பின்னரில் வசதியான, வயதான சனம். நல்ல உடுப்பை வாங்கி, பக்குவமாக வைத்திருந்து கொடுத்துவிடும்.

நான் கண்ணால் தேடுவதில்லை. கம்பியில் தொங்கும் உடுப்புகளின் தோளைத் தடவிக்கொண்டே நடப்பேன். நைலோன் வழுக்கும். அக்ரிலிக் பொய்யாக மெதுமெதுக்கும். கம்பளி மட்டும் லேசாகக் குத்திக் கையை நிறுத்தும். அன்றைக்கு நிறுத்தியது சாம்பலும் பச்சையும் கலந்த ஒரு கோட். உள்ளே திருப்பினேன். லேபலில் முத்திரை: பூமி உருண்டை, அதன் மேல் சிலுவை. ஹரிஸ் ட்வீட் கம்பளித் துணி! விலைச்சீட்டில் 12 பவுண். பக்கத்தில் ஒரு பெண் அதே கம்பியைத் துழாவிக்கொண்டிருந்ததால் முகத்தில் ஒன்றும் காட்டாமல் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அந்த முத்திரையைச் சும்மா குத்த முடியாது, அப்பன். ஸ்கொட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால், வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளில், தறிகாரர் தங்கள் சொந்த வீட்டில் காலால் மிதித்து நெய்த துணிக்கு மட்டும்தான் அது. சாயம் போடுவது, நூல் நூற்பது எல்லாம் அங்கேயே நடக்க வேண்டும். இதற்காக 1993 இல் பாராளுமன்றத்தில் சட்டமே போட்டிருக்கிறார்கள். உன் ஸ்கொட்லாந்துச் சரக்கு லண்டன் சுற்றி உன்னிடமே வருகிறது.

எனக்கும் ஒரு கார்டிகன் கிடைத்தது, 4 பவுண். செயின்ட் மைக்கேல் லேபல். மார்க்ஸ் அன்ட் ஸ்பென்சர் கடைக்காரர் தங்கள் உடுப்புக்கு வைத்திருந்த அந்தப் பெயரை 2000 ஆம் ஆண்டளவில் விட்டுவிட்டார்கள். அதற்கு முந்திய சாமான், ஒரு தெறிகூட ஆடவில்லை.

இப்போதெல்லாம் விலை குறைத்துக் கேட்பதில்லை. வந்த புதிதில், நல்லூர்த் திருவிழாக் கடையென்று நினைத்து ஒரு கடையில் பாதி விலைக்குக் கேட்டேன். கல்லாவில் இருந்த வயதான மனுசி சிரித்துக்கொண்டே, "இது புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் போகிற காசு" என்றாள். சில்லறையையும் உண்டியலில் போட்டுவிட்டு ஓடி வந்தேன்.

நீயும் பழைய உடுப்புகளைக் குப்பையில் போடாதே. வருமான வரி கட்டுகிறவர் என்று கடையில் படிவம் நிரப்பிக் கொடுத்தால், விற்ற ஒவ்வொரு பவுணுக்கும் அரசாங்கம் அந்தச் சரிட்டிக்கு 25 பென்ஸ் சேர்த்துக் கொடுக்கும்.

கோட்டைக் கண்டதும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "செத்தவரின் உடுப்போ?" இருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நேற்றுவரை ஒருவர் ஆசையாகப் போட்ட கோட்டைத் தீண்டாமல் விட என்னால் முடியாது. "கடையில் ஆவி பிடித்துத்தான் தொங்கவிடுகிறார்கள்" என்றேன். "ஆவி பிடித்த கோட் என்றுதானே நானும் சொல்கிறேன்" என்றார். இரவு நான் படுத்த பிறகு கண்ணாடிக்கு முன்னால் அதைப் போட்டுப் பார்த்ததை, படியில் நின்று கண்டேன். அவருக்குத் தோள் பற்றாது.

உனக்குக் கை நீளம் எவ்வளவு என்று அளந்து வாட்ஸப்பில் அனுப்பு. தோளிலிருந்து மணிக்கட்டு வரை, முழங்கையைச் சற்று மடித்து அள. கூடினால் நானே தைத்துக் குறைக்கிறேன். மெசினில் மட்டும் போட்டுவிடாதே, சுருங்கிப் பொம்மைச் சட்டையாகிவிடும்.

உள் பொக்கற்றில் ஒரு பாட்டுக்கச்சேரி டிக்கற் கிடக்கிறது, இரண்டாக மடித்தபடி. எறிய மனம் வரவில்லை, அங்கேயே இருக்கட்டும். அப்பாவுக்குச் சொல்லாதே.

அன்புடன்,
அம்மா