விரலுக்கென வரையும் படங்கள்: நன்கொடை வேண்டுகிறோம்

அன்புடையீர்,

பாடநூலில் உள்ள யாழ்ப்பாணக் குடாநாட்டு வரைபடத்தை அப்படியே மேடாக்கி, விழிப்புலனற்ற மாணவர் ஒருவரிடம் கொடுத்தால் அவருக்கு அதனால் பயன் மிகக் குறைவு. கரையோரம், வீதி, புகையிரதப் பாதை எல்லாமே ஒரே மாதிரியான கோடுகளாக விரலில் தட்டுப்படும். நிலம் எது, கடல்நீரேரி எது என்று பிரித்தறிய வழியில்லை. கண் முழுப்படத்தையும் ஒரே பார்வையில் பிடித்துவிடும். விரலோ துண்டு துண்டாகத் தொட்டுப் போகிறது; தொட்டதையெல்லாம் நினைவில் வைத்து மனத்திலேதான் படத்தைக் கூட்ட வேண்டும்.

எங்கள் ஆசிரியர்கள் கையால் ஒட்டிச் செய்த மாதிரிப் படத்தில் கரையோரத்துக்குத் தடித்த நூல், கடல்நீரேரிக்குச் சொரசொரப்பான தாள், நிலம் வழவழப்பு. வீதிகளைத் தனித்தாளுக்கு மாற்றிவிட்டார்கள். மாணவி ஒருவர் இடக்கைச் சுட்டுவிரலை ஆனையிறவில் ஊன்றிக்கொண்டு, வலக்கையைக் கிழக்குக் கரையோரமாகப் பருத்தித்துறை வரை நகர்த்தி, அங்கிருந்து மேற்கே திரும்பிக் காங்கேசன்துறையைத் தேடிப் பிடித்தார். ஊன்றிய விரல் கடைசிவரை அசையவில்லை. திசையும் தூரமும் அந்த விரலிலிருந்துதான் அவருக்குக் கிடைத்தன.

இத்திறன் பயிற்சியால் வருவது. படம் மட்டும் போதாத இடங்களும் உண்டு. சாய்வாக வரைந்த சதுரமுகி கண்ணுக்குப் பெட்டி. விரலுக்கு ஒரு சதுரமும் இரண்டு இணைகரங்களும்தான். அங்கே உண்மையான பெட்டியொன்றைக் கையில் கொடுத்து, ஆசிரியர் அருகிலிருந்து விளக்க வேண்டும்.

கையால் ஒட்டும் படம் ஒருவருக்கே போதும். விரைவில் பிய்ந்தும் விடுகிறது. ஆகவே, வெப்பத்தில் உப்பும் விசேட தாளும் அதற்கான சூடேற்றும் இயந்திரமும் வாங்க விரும்புகிறோம். இத்தாளில் கறுப்பு மையால் அச்சிட்ட கோடுகள் வெப்பத்தை உறிஞ்சி மேலெழும். ஒரே படத்தை வகுப்பு முழுவதற்கும் எடுக்கலாம். க.பொ.த. சாதாரண தரப் புவியியல், விஞ்ஞானம், கணிதப் படங்களே முதலில்.

ஒவ்வொரு படத்தையும் விழிப்புலனற்ற வாசகர் ஒருவர் தொட்டுப் பார்த்துச் சரி என்ற பின்பே மாணவரிடம் கொடுப்போம். அவருக்கான கொடுப்பனவும் செலவுக் கணக்கில் உண்டு. எவ்வளவு நெருக்கடி வந்தாலும் அதைக் குறைக்க மாட்டோம்.

ஊரில் உள்ளோரும் புலம்பெயர்ந்த உறவுகளும் இயன்றதைத் தந்துதவுமாறு பணிவன்புடன் வேண்டுகிறோம். சிறு தொகைக்கும் பற்றுச்சீட்டு உண்டு. வரவு செலவுக் கணக்கு நன்கொடையாளர் அனைவருக்கும் அனுப்பப்படும். கணினியில் வரையத் தெரிந்தவர்கள் தங்கள் நேரத்தைத் தந்தாலும் மகிழ்வோம்.

இங்ஙனம்,
செயற்குழுவினர்,
யாழ்ப்பாணம்.