பெரியவனோட இருமல் பத்தி

கண்ணு,

போன்ல சொன்னா பாதியிலயே சரிம்மா சரிம்மான்னு வெச்சிருவ, அதான் டைப் பண்றேன். டே கேர்ல ஒரு புள்ளைக்கு கக்குவான் இருமல்னு மெசேஜ் வந்திருக்கு, நம்ம பெரியவனுக்கும் மூக்கு ஒழுகுது லேசா இருமறான், நீ என்னடான்னா சாதா சளிங்கற. கக்குவானும் மொதல்ல சாதா சளி மாதிரிதான் சாமி இருக்கும், ஒரு வாரம் ரெண்டு வாரம் கழிச்சுதான் விடாம இருமி, மூச்ச ஊப்புன்னு இழுத்து, வாந்தி எடுக்கறதெல்லாம். ஆனா இந்த சளி நேரத்துலயே அடுத்தவங்களுக்கு நல்லா ஒட்டும்.

அவனுக்கு கக்குவானும் சேத்து அஞ்சு நோயத் தடுக்கற பெண்டா ஊசி மூணும் போட்டு ஒன்றரை வயசு பூஸ்டரும் போட்டாச்சு, வந்தாலும் பெருசா படுத்தாது. ஊசியோட சக்தி வருஷம் போகப்போக கொறையும், அதான் 5 வயசுல இன்னொன்னு போடறது. எனக்கு பயமே பாப்பாவ நெனச்சுதான். 6 வாரம் ஆனாதான் அவளுக்கு மொத ஊசியே. அந்த வயசு கொழந்த சில சமயம் இருமக்கூட இருமாது, மூச்சு நின்னு நின்னு வரும், உதடு நீலமாகும். அப்படி ஏதாச்சும் பாத்தா நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடு, எனக்கு அப்பறம் சொல்லிக்கலாம்.

ஏற்காட்டு மலைல ஊசிப்பெட்டிய தூக்கிட்டு ஊர் ஊரா போனப்ப, ஊசி போட்டா காய்ச்சல் வருதுன்னு புள்ளைய உள்ள வெச்சு கதவ சாத்துன வீடெல்லாம் பாத்திருக்கேன், அவங்களே கழுதப்பாலுக்கு மட்டும் காசு குடுப்பாங்க. உங்க மாமியாரும் அதத்தான் சொல்லுவாங்க, சண்ட போடாத, ஆனா குடுக்காத. பாப்பாவுக்கு தேனும் கூடாது, ஒரு வயசு ஆகட்டும்.

இன்னிக்கே பெரியவன டாக்டர்ட்ட கூட்டிட்டு போ, போனதும் மொதல்ல டே கேர் மெசேஜ காட்டு, அது தெரியலன்னா சளி மருந்து எழுதி அனுப்பிருவாங்க. கக்குவான்தான்னா ஆன்டிபயாடிக் ஆரம்பிச்சு 5 நாள் முடியற வரைக்கும் டே கேர் வேண்டாம், சீக்கிரம் ஆரம்பிச்சாதான் இருமலும் கொறையும், லேட்டானா அடுத்தவங்களுக்கு பரவாதே தவிர இருமல் மாசக்கணக்குல இழுக்கும். வீட்ல எல்லாருக்கும் மருந்து வேணுமான்னும் கேளு. அதுவரைக்கும் அவன் பாப்பாவ முத்தம் குடுக்க வேண்டாம், அழுதா அழட்டும்.

இன்னொன்னு, மாசமா இருந்தப்ப உனக்கு போட்ட தடுப்பூசி டீடியா டீடாப்பான்னு கார்டுல பாத்து போட்டோ அனுப்பு. டீடில கக்குவானுக்கு மருந்தே கெடையாது. டீடாப்ல அதுவும் சேந்திருக்கு, அதுன்னா பாப்பாவுக்கும் கொஞ்சம் பாதுகாப்பு இருக்கும், நான் இங்க சேலத்துல நிம்மதியா சாப்புடுவேன்.

அம்மா