கிட்டிப்புள்ளுக்கும் அளவு உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொங்கல் நெருங்கினால் கிராமத்து விளையாட்டுகளைப் பற்றிப் பத்திரிகைகளில் கட்டுரைகள் வருகின்றன. கில்லி எனப்படும் கிட்டிப்புள், பம்பரம், பாண்டி, கிளித்தட்டு என்று பெயர்கள் வரிசையாக இருக்கும். எப்படிச் செய்வது, எப்படி ஆடுவது என்பது இருக்காது. அதைப் படித்துவிட்டு பள்ளிகளில் கிட்டிப்புள்ளுக்குக் கடைசலில் வழவழவென்று கடைந்த கட்டைகளை வாங்கி, சிமெண்ட் தளத்தில் ஆட விடுகிறார்கள். அடிபடும் சிறு கட்டையான புள் எழும்பவே மாட்டேன் என்கிறது, பிள்ளைகள் பத்து நிமிடத்தில் கலைந்துவிடுகிறார்கள். பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. கட்டையும் தரையும்தான் தப்பு.

அடிக்கும் கோலான கிட்டிக்கும் புள்ளுக்கும் புளி, கொய்யா, கருவேலம் போன்ற கெட்டி மரம் வேண்டும். முருங்கை, கலியாண முருங்கை ஆகாது. எடையில்லாத புள் காற்றில் அலைந்து அருகிலேயே விழும். கிளையைப் பட்டையோடு நிழலில் காயப் போட வேண்டும். வெயிலில் போட்டால் வெடித்துவிடும். கிட்டி ஒரு முழத்துக்குச் சற்றுக் கூடுதலாக, கட்டைவிரல் கனத்தில் இருந்தால் போதும். கைப்பிடிப் பக்கம் பட்டையை உரிக்காமல் விட்டால் வழுக்காது. புள் நான்கு விரற்கடை நீளம்.

சூட்சுமம் முழுக்கப் புள்ளின் நுனியில்தான் இருக்கிறது. இரு முனையையும் சுற்றிலும் சீவி, நடுப்பகுதி மட்டும் தரையில் படும்படி செய்ய வேண்டும். அப்போதுதான் நுனியில் தட்டினால் துள்ளும். குறைவாகச் சீவினால் தட்டியதும் அப்படியே கிடக்கும். ஊசிபோல் சீவினால் இரண்டாவது ஆட்டத்திலேயே நுனி முறியும், கண்ணுக்கும் ஆபத்து. மழுங்கிய கூர்தான் சரி.

குழி ஒரு சாண் நீளம், இரண்டு விரல் அகலம், இரண்டு அங்குல ஆழம். அகலம் கூடினால் குறுக்கே வைத்த புள் உள்ளே விழுந்துவிடும். மணல் பாங்கான இடத்தில் தட்டும்போது புள் புதையும், சிமெண்டில் பக்கவாட்டில் தெறிக்கும். அறுவடை முடிந்து காய்ந்த வயலும் இறுகிய செம்மண் தரையும்தான் இதற்கு ஏற்றவை. தை பிறந்ததும் இந்த ஆட்டம் களைகட்டியதற்கு அது ஒரு காரணம்.

ஆட்டக்காரர் குழியின் குறுக்கே வைத்த புள்ளைக் கிட்டியால் கெந்தி, அதாவது தூக்கி எறிந்து விடுவார். அதை எதிர்த்தரப்பு பிடித்துவிட்டால் அவர் அவுட். பிடிக்காவிட்டால், விழுந்த இடத்திலிருந்து எறிந்து, குழிமேல் கிடத்திய கிட்டியில் பட வைக்க வேண்டும். படவில்லையென்றால் ஆட்டக்காரர் புள்ளை அடிக்கத் தொடங்கலாம். குழியிலிருந்து புள் விழுந்த இடம் வரை கிட்டியால் அளந்துதான் கணக்கு. எனவே இரு தரப்பும் ஒரே கிட்டியையே பயன்படுத்த வேண்டும். ஆளுக்கொரு நீளம் வைத்தால் சண்டைதான். தோற்றவர் மூச்சுப் பிடித்துப் பாடிக்கொண்டே குழிக்கு ஓடி வரும் வழக்கமும் சில ஊர்களில் உண்டு. விதி ஊருக்கு ஊர் மாறும். வெற்றிக்கு நூறு கிட்டியா, ஐம்பதா என்பதை முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும்.

வேடிக்கை பார்ப்பவர்கள் அடிப்பவருக்குப் பின்னால், நன்றாகத் தள்ளி நிற்கட்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

பம்பரத்துக்கும் இதே கதைதான். ஆணி நட்டநடுவில் நேராக இறங்காவிட்டால் பம்பரம் தூங்காது, அதாவது அசையாமல் நின்று சுழலாது, குதிக்கும். சாட்டையை ஆணியிலிருந்து மேல்நோக்கி நெருக்கமாகச் சுற்ற வேண்டும். இடைவெளி விட்டால் பாதியில் நழுவும்.

வாரம் ஒரு விளையாட்டாக, படத்தோடும் அளவுகளோடும் சிறுவர் பக்கத்தில் தாங்கள் வெளியிட வேண்டும். சீவும் வேலையைப் பெரியவர்கள் பார்த்துக்கொண்டால், மற்றதைப் பிள்ளைகளே செய்துகொள்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
புதுக்கோட்டை மாவட்டம்.