எங்கள் அடுப்படியையும் கொஞ்சம் விசாரியுங்கள், டாக்டர்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் வைத்தியம் பார்க்கும் டாக்டர்களுக்கும், நர்சம்மாக்களுக்கும், டயட் சார்ட் எழுதித் தருகிறவர்களுக்கும் வணக்கம்.

நான் மேலூர் பக்கத்துக்காரன். அம்மாவுக்கு 68 வயது. 15 வருடமாகச் சுகர், அப்புறம் பிரஷர், இப்போது கிட்னியும் பலவீனம். மாதம் ஒருமுறை பஸ் ஏறி மதுரைக்குக் கூட்டி வருகிறேன். உங்கள் வேலைப்பளு எனக்குத் தெரியும், காலை எட்டு மணிக்கே வராந்தாவில் நிற்கிற கூட்டத்தில் நானும் ஒருத்தன். அதனால் நீட்டி முழக்கவில்லை. "இதைச் சாப்பிடாதீங்க" என்று சொல்வதற்கு முன்னால், நாங்கள் என்ன சாப்பிடுகிறோம், எதற்காகச் சாப்பிடுகிறோம் என்று ஒரு நிமிடம் கேளுங்கள். இதைச் சொல்லத்தான் இந்த மடல்.

போன கத்தரி வெயிலில் அம்மாவுக்குக் காலில் வலுவே இல்லாமல் போய்விட்டது. கட்டிலை விட்டு எழுந்தால் தள்ளாட்டம். ரத்தம் எடுத்துப் பார்த்தால் பொட்டாசியம் 6-ஐத் தாண்டியிருந்தது, 5-க்குள் இருக்க வேண்டியது. இதயத் துடிப்பே தாறுமாறாகிவிடும் என்று சொல்லி உடனே இசிஜி எடுத்துப் படுக்க வைத்துவிட்டார்கள். "பழம், ஜூஸ் எதுவும் கூடாதுன்னு சார்ட்டில் எழுதியிருக்கே, ஏன் சாப்பிட்டீங்க?" என்று அம்மாவுக்குத் திட்டு. அம்மா ஒரு பழம்கூடத் தொடவில்லை. பேரன் கல்யாணத்தில் வைத்த வாழைப்பழத்தைக்கூடப் பக்கத்து இலைக்குத் தள்ளிவிட்டவர் அவர்.

இரண்டாம் நாள் ராத்திரி ட்யூட்டிக்கு வந்த சின்ன வயது டாக்டரம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "காலையில எந்திரிச்சதுல இருந்து படுக்குற வரைக்கும் என்னென்ன வாயில போடுவீங்க, தண்ணி முதக்கொண்டு சொல்லுங்கம்மா" என்று கேட்டார். அப்போதுதான் வந்தது. தினமும் காலையில் ஒரு இளநீர். வாரத்துக்கு மூன்று நாள் வாழைத்தண்டுச் சாறு. ஏம்மா என்றால், "ஒரு நாளைக்கு ஒம்பது மாத்திர முழுங்குறேன் தாயி, இங்கிலீஷ் மாத்திர அம்புட்டும் சூடு, வயிறு காந்துது, உச்சந்தலை கொதிக்குது, சூட்டத் தணிக்க வேணாமா?"

இளநீர் அம்மாவுக்குப் பழமும் இல்லை, ஜூஸும் இல்லை, அது மருந்து. நீங்கள் கொடுத்த மாத்திரையைப் பாதியில் நிறுத்தாமல் விழுங்குவதற்காகத்தான் அதைக் குடித்துக்கொண்டிருந்தார். இளநீரிலும் வாழைத்தண்டிலும் இருக்கிற பொட்டாசியம் ஒரு பக்கம், அம்மாவின் பிரஷர் மாத்திரைகளில் ஒன்று உடம்பில் பொட்டாசியத்தைத் தேக்கி வைக்கிற ரகம் என்பது இன்னொரு பக்கம், அதை வெளியேற்ற வேண்டிய கிட்னியோ ஏற்கெனவே சோர்ந்து கிடக்கிறது. இத்தனை வருடத்தில் எத்தனையோ பேர் பார்த்திருக்கிறார்கள், ஒருத்தராவது கேட்டிருந்தால் அந்த இரண்டு ராத்திரிகள் வந்திருக்காது. அந்த டாக்டரம்மா அம்மாவைக் கோபிக்கவில்லை. வயிறு எரிவதற்கு ஒரு மாத்திரையை மாற்றி எழுதினார், "தலைக்கு நல்லெண்ணெய் வச்சுக்கங்க, சூடு இறங்கும், இளநீர் மட்டும் உங்க கிட்னிக்கு ஆகாது" என்றார். அம்மா அன்றோடு விட்டுவிட்டார்.

சூடு, குளிர்ச்சி என்று நாங்கள் சொல்வது தெர்மாமீட்டர் கணக்கு இல்லை. கோழிக்கறியை ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தாலும் சூடுதான், வெந்தயக் கஞ்சியைக் கொதிக்கக் கொதிக்கக் குடித்தாலும் குளிர்ச்சிதான். உருளைக்கிழங்கும் மொச்சையும் வாயு. இதெல்லாம் உங்களுக்கும் தெரியும், உங்கள் அம்மாச்சியும் பப்பாளியையும் எள்ளையும் மாசமாக இருந்த உங்கள் அம்மா கண்ணில் காட்டியிருக்க மாட்டார். படிப்பில் இதற்கு இடமில்லை, சரி. ஆனால் எதிரே உட்கார்ந்திருக்கிறவர் தன் உடம்பைப் புரிந்துகொள்வது இந்தக் கணக்கில்தான். நீங்கள் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டால் அவர் உங்களோடு சண்டை போட மாட்டார், "சரிங்கய்யா" என்பார், வீட்டுக்குப் போய்த் தன் வழியில் செய்வார், அடுத்த முறை எதையும் சொல்ல மாட்டார்.

பிரசவ வார்டிலும் இதே கதைதான். என் தங்கச்சிக்குக் குழந்தை பிறந்தபோது பழம், தயிர், நிறையத் தண்ணீர் என்று தாளில் எழுதிக் கொடுத்தார்கள். வீட்டில் அப்பத்தா இருக்கும்போது அது நடக்குமா? பச்சை உடம்புக்காரி தயிர் தொட்டால் பிள்ளைக்குச் சளி பிடிக்கும், தண்ணீர் குடித்தால் வயிறு பெருத்துவிடும். பத்து நாள் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் குடித்து, மலச்சிக்கலில் அவள் அழுத அழுகையை நான் கேட்டேன். ஊருக்கு வரும் நர்சம்மா ஒருத்தர்தான் வழி கண்டுபிடித்தார். அப்பத்தாவிடமே போய், "சீரகத் தண்ணி காய்ச்சி, சூடா அடிக்கடி குடுங்க ஆத்தா, பால் நல்லா ஊறும்" என்றார். அவ்வளவுதான். தண்ணீர் என்றால் ஆகாது, சீரகத் தண்ணி என்றால் ஆகும். சொம்பு சொம்பாக உள்ளே போனது. பூண்டுக் குழம்பும் பால்சுறாப் புட்டும் எப்படியும் தட்டில் இருந்தன, அதில் என்ன குறை, புரதம்தானே? அதையும் சேர்த்து "வேண்டாத பழக்கம்" என்று தள்ளிவிடாதீர்கள்.

அப்புறம் அமாவாசை. எங்கள் அய்யாவுக்கும் சுகர், காலைச் சாப்பாட்டுக்கு முன்னால் சுகரை இறக்குகிற கிளிமிபிரைடு மாத்திரை. அமாவாசை அன்றைக்குப் படையல் போட்டுக் காக்காய்க்குச் சோறு வைத்து அது எடுத்த பிறகுதான் வாயில் வைப்பார், சில அமாவாசைக்கு மணி ஒன்றரைகூட ஆகிவிடும். மாத்திரை மட்டும் எட்டு மணிக்கே போட்டாயிற்று, டாக்டர் சொல் தட்டக் கூடாதே. ஒருநாள் மாடியிலேயே வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்துவிட்டார், குத்திப் பார்த்தால் சுகர் 70-க்குக் கீழே. இலையில் இருந்த பாயசத்தை வாயில் ஊற்றினோம், அதுதான் காப்பாற்றியது. விரதம் இருக்கிற நாளில் மாத்திரையை எப்படி மாற்றிக்கொள்வது என்று சீட்டின் ஓரத்தில் நீங்கள் ஒரு வரி எழுதினால் போதும். கந்த சஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருக்கிறவர்கள் இருக்கிறார்கள், ரம்ஜானுக்கு ஒரு மாதம் நோன்பு பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள், அழகர் ஆற்றில் இறங்கும் அன்று பந்தலுக்குப் பந்தல் கொடுக்கிற பானகத்தை வேண்டாம் என்று சொல்ல மனசு வராதவர்கள் இருக்கிறார்கள். தேதி எல்லாம் காலண்டரில் இருக்கிறது, முந்தின மாதச் செக்கப்பில் கேட்டுவிடலாம்.

சில விஷயத்தில் நீங்கள் கறாராகவே பேச வேண்டும், அதையும் நானே சொல்கிறேன். இந்துப்பு போட்டால் பிரஷர் ஏறாது என்று பாதி ஊர் நம்புகிறது, அதுவும் உப்புதான். சீனிக்குப் பதில் நாட்டுச்சர்க்கரையும் கருப்பட்டியும் போட்டால் சுகருக்கு ஒன்றும் ஆகாது என்று நினைக்கிறோம், ஏறத்தான் செய்யும். அம்மை போட்டால் தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற வரை ஆஸ்பத்திரிப் பக்கமே வர மாட்டோம். கொப்புளம் தெரிந்த 24 மணி நேரத்துக்குள் மாத்திரை ஆரம்பித்தால்தான் பெரியவர்களுக்கு நன்றாகக் கேட்கும் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. ஆனால் "மூடநம்பிக்கை" என்று ஆரம்பித்தால் கதவு சாத்திவிடும். வேப்பிலை வாசலில் இருக்கட்டும், மாத்திரையும் போடுவோம் என்று சொல்லிப் பாருங்கள், ஆத்தாவுக்கு அதில் கோபம் வராது என்று எங்கள் வீட்டுப் பெரியவர்களே சொல்வார்கள்.

டயட் சார்ட்டைப் பற்றி ஒன்று. அம்மாவுக்குக் கொடுத்த தாளில் ஓட்ஸ், ப்ரோக்கோலி, பிரவுன் பிரெட். எங்கள் ஊர்ச் சந்தையில் கிடைப்பது சுரைக்காய், புடலங்காய், பீர்க்கங்காய், அவரைக்காய். கப் கணக்கு அம்மாவுக்குப் புரியாது, எங்கள் வீட்டில் சோறு கரண்டிக் கணக்கு. "ராத்திரிக்குச் சோறு வேண்டாம், டிபன் சாப்பிடுங்க" என்று சொன்னதைக் கேட்டு ஆறு இட்லி சாப்பிட்டுவிட்டுச் சோற்றை விட்டுவிட்டோம் என்று நிம்மதியாகத் தூங்குகிற வீடுகள் எத்தனை!

இன்னொரு யோசனை. 2021-இல் இருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிற பெண்கள் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடிக்கிறவர்கள். எந்த வீட்டில் எந்தப் பானையில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். அவர்களிடம் நீங்கள் கேட்டாலே பாதி விஷயம் வந்துவிடும்.

வருகிற வியாழக்கிழமை அம்மாவுக்குச் செக்கப். கேழ்வரகுக் கூழில் மோர் எவ்வளவு ஊற்றலாம், கீரையை வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிட்டால் வாரம் ஒருநாள் சாப்பிடலாமா, இரண்டையும் கேட்க வேண்டும் என்று நேற்றே என்னிடம் சொல்லி வைத்திருக்கிறார். எங்கள் முறை வரும்போது மணி இரண்டு ஆகியிருக்கும், உங்களுக்கும் பசிக்கும். அந்த இரண்டு கேள்விக்கும் மட்டும் பதில் சொல்லி அனுப்புங்கள்.