செயலாளரின் ஆண்டறிக்கை – 2025

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

போன பொதுக்குழுவில் முடிவெடுத்தபடி, நம் வாசிப்பு வட்டம் இந்த ஆண்டு முழுக்க மத்திய ஆசியாவைப் படித்தது. ரஷ்யா, சீனா, ஐரோப்பிய ஒன்றியம், அமெரிக்கா எல்லாம் காய் நகர்த்தும் இடத்தில், கஜகஸ்தான் முதல் தஜிகிஸ்தான் வரை ஐந்து அண்டை நாடுகள் தங்களுக்குள் எப்படிச் சேர்வது என்பதுதான் கேள்வி.

முதல் சில கூட்டங்கள் சப்பென்று போயின. உச்சி மாநாடுகளின் பட்டியலைத் தாண்டி நாங்கள் நகரவில்லை. தண்ணீரைப் பேசத் தொடங்கிய பிறகுதான் சூடு பிடித்தது. சோவியத் காலத்தில் மலைப்பகுதிக் குடியரசுகளான கிர்கிஸ்தானும் தஜிகிஸ்தானும் கோடையில் பாசனத்துக்கு நீர் திறந்துவிடும். பதிலுக்கு ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருக்கும் உஸ்பெகிஸ்தான், கஜகஸ்தான் போன்றவை குளிர்காலத்துக்கு எரிவாயுவும் நிலக்கரியும் அனுப்பும். 1991க்குப் பின் அந்த ஏற்பாடு குலைந்தது. எரிபொருள் வராததால் மேலே இருந்தவர்கள் மின்சாரத்துக்காகக் குளிர்காலத்திலேயே நீரைத் திறந்தார்கள். கோடையில் கீழே பருத்தி வயலுக்குத் தட்டுப்பாடு. தஜிகிஸ்தானின் ரோகுன் அணையை உஸ்பெகிஸ்தான் பல ஆண்டுகள் கடுமையாக எதிர்த்தது. 2016இல் மிர்சியோயெவ் உஸ்பெகிஸ்தானின் அதிபராக வந்தபின் அந்த எதிர்ப்பு தளர்ந்தது. இன்று கிர்கிஸ்தானின் கம்பரத்தா-1 அணைத் திட்டத்தில் உஸ்பெகிஸ்தானும் கஜகஸ்தானும் பங்காளிகள். “பங்கு போட்டவன் அணை வேண்டாம் என்று சொல்லமாட்டான்” என்றார் ஓர் உறுப்பினர். சரியான பேச்சு.

எல்லை விஷயமும் அப்படித்தான். 2021, 2022இல் சுட்டுக்கொண்ட கிர்கிஸ்தானும் தஜிகிஸ்தானும் நேருக்கு நேர் பேசி, 2025 மார்ச்சில் எல்லை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன.

பழைய கதை ஒன்றும் உண்டு. 1994இல் கஜகஸ்தான், கிர்கிஸ்தான், உஸ்பெகிஸ்தான் தொடங்கிய கூட்டமைப்பு பெயர் மாறி மாறி வந்து, 2004இல் ரஷ்யாவைச் சேர்த்துக்கொண்டது. அடுத்த ஆண்டே ரஷ்யா முன்னின்ற அமைப்புக்குள் கரைந்துபோக முடிவானது. 2018இல் கஜகஸ்தான் தலைநகர் அஸ்தானாவில் தொடங்கிய மத்திய ஆசியத் தலைவர்கள் சந்திப்பில் எந்த வல்லரசும் உறுப்பினர் இல்லை. பாடம் படித்திருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன்.

ரயில் பாதை அமர்வில்தான் இரண்டு கட்சி ஆனோம். சீனத் தண்டவாளம் 1,435 மி.மீ., சோவியத் தண்டவாளம் 1,520 மி.மீ. என்பதால் எல்லையில் சரக்கை மாற்றி ஏற்ற வேண்டியிருக்கிறது. 2024 டிசம்பரில் பணி தொடங்கிய சீனா–கிர்கிஸ்தான்–உஸ்பெகிஸ்தான் பாதை கடன் வலை என்றது ஒரு தரப்பு. கடலை எட்ட இரண்டு நாட்டு எல்லைகளைத் தாண்டவேண்டிய உஸ்பெகிஸ்தான் வேறென்ன செய்யும் என்றது மறு தரப்பு. தண்ணீரிலும் எல்லையிலும் ஒத்துப்போன அண்டை வீட்டார் கூட இருந்தால் பேரம் பேசலாம், தனியாகப் போனால் கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்பது என் கட்சி. முடிவு எட்டவில்லை, தேநீர் மட்டும் ஆறிப்போனது.

அடுத்த ஆண்டுக்கு ஆசியான் (தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பு), மேகோங் நதி என இரண்டு யோசனைகள் வந்துள்ளன. செயற்குழு ஆசியான் பக்கம் சாய்கிறது; என் ஓட்டு மேகோங்குக்கு. வாக்கெடுப்பு இன்றே நடக்கும். அப்புறம், வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

செயலாளர்